எல்லோருக்கும் முப்பது

கண்ணாடிக் குடுவையில் பிறந்து வளர்ந்த வீரனுக்கும் நானூறு கிலோ கவசம் போட்ட வீரனுக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்? காலை ஒன்பதரைக்கு அலுவலகம் போய், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, சாயங்காலம் வரை இதை யோசிப்பதற்கு ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அவருடைய மாமனார் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக நம்பவில்லை. "மாப்பிள்ளை பிரஸ்ல இருக்கார்" என்று ஊருக்குச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடியது, மேல்தளத்தில் இவர் இருந்தார்.

அந்த நிறுவனம் பிள்ளைகள் விளையாடும் படக் கார்டுகளை அச்சடித்தது. ஒவ்வொரு கார்டிலும் ஏதோ ஒரு விண்வெளிக் கதையில் வரும் படைவீரனின் படம். படத்துக்குக் கீழே ஐந்து கட்டங்கள்: வலு, வேகம், கவசம், ஆயுதம், தாங்கும் சக்தி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று ஓர் எண். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கார்டைத் திருப்பி, "வேகம் எட்டு, உனக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். எண் கூடியவன் மற்றவன் கார்டைப் பிடுங்கிக்கொள்வான். அந்த எண்களைப் போடுகிறவர்தான் இவர். அலுவலகத்தில் அவருக்கு நீதிபதி என்று பெயர். கடிதம் எழுதுகிற பிள்ளைகளும் "நீதிபதி அங்கிள், உங்களுக்குக் கண் தெரியாதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

முதல் ஐந்து வருடம் ஆசையோடு செய்தார். கதைகளை வரி விடாமல் படித்தார், கவச வீரன் எந்த அத்தியாயத்தில் எத்தனை மாடி தாண்டினான் என்று குறித்து வைத்தார். அடுத்த ஐந்து வருடம் பழக்கத்தில் செய்தார். அதற்கப்புறம் பல் தேய்க்கிற மாதிரிதான். எந்தக் கிரகத்தில் எவன் எவனைச் சுட்டால் எனக்கென்ன என்று ஆகிவிட்டது. முதுகு வலித்தது. கண்ணாடியின் பவர் இரண்டு தடவை ஏறியது.

இதில் ஒரு கூத்து உண்டு. கதைகளுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று வெவ்வேறு பதிப்பகத்தார். "எங்கள் வீரனை மற்றவன் வீரனுக்குக் கீழே காட்டக் கூடாது" என்று மூவரும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். முதலாளி மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து கட்டத்தையும் கூட்டினால் எல்லா வீரனுக்கும் முப்பது வர வேண்டும், அவ்வளவுதான். வலுவில் ஒன்பது போட்டால் வேகத்தில் பிடித்துவிட வேண்டும். கவசத்தில் ஒன்று போட்டால் வேறெங்காவது அள்ளிக் கொடுத்துவிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் இது தெரிந்துவிடும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தைப் பார்த்து ஜெயித்தார்கள், இன்னொரு கட்டத்தைப் பார்த்து அழுதார்கள்.

நீதிபதிக்கோ கூட்டவே வேண்டியதில்லை. மளிகைக்கடைக்காரர் கை தராசு இல்லாமலே ஒரு கிலோவை அள்ளுகிற மாதிரி, அவர் கை தானாகவே முப்பதில் போய் நிற்கும். கடைசியில் பென்சிலால் கார்டின் மூலையில் 30 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவார். வட்டம் இல்லாமல் அச்சுக்குப் போகாது.

ஏழு மாதத்துக்கு முன் அவருடைய தம்பி வீட்டுக்கு வந்தான். பதினோரு வயது இளையவன், நிஜப் பட்டாளத்துக்காரன். எல்லையில் ஒரு வண்டியில் நான்கு பேர் போனார்கள், இவன் மட்டும் திரும்பினான். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தப்பிச்சுட்டப்பா, புண்ணியம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டும்போதெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நீதிபதியும் அவர் மனைவியும் மட்டும் பார்த்தார்கள்.

வெளியூரில் படிக்கும் மகளின் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் கட்டிலில் படுப்பதில்லை. சுவரில் முதுகு ஒட்டியிருக்கும்படி நாற்காலியைப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தூங்கினானா இல்லையா என்று காலையில் போர்வையைப் பார்த்தால் தெரியும். மடிப்புக் கலையாமல் இருக்கும். ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது கையிலிருந்த டம்ளரை எறிந்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். அன்றிலிருந்து அண்ணி குக்கரை மேல் தட்டில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் பாத்திரத்திலேயே வேகவைத்தாள். சமைக்க இரண்டு மடங்கு நேரமானது.

அவன் வாயைத் திறப்பது ஒரே விஷயத்துக்குத்தான். நீதிபதி சாயங்காலம் கொண்டுவரும் கார்டு நகல்களை எடுத்துப் பார்ப்பான். அந்த வருடம் மூன்று பதிப்பகத்து வீரர்களையும் ஒன்றாக மோதவிடும் பெரிய கட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மொத்தம் அறுபத்து நான்கு கார்டுகள்.

"இவனுக்கு நானூறு கிலோ கவசம்னு போட்டிருக்கே அண்ணா. இவன் ஒண்ணுக்குப் போகணும்னா யார் கழட்டிவிடறது?"

"கதையில அதெல்லாம் வராதுடா."

"கதை எழுதினவனுக்கு வராது போல." அடுத்த கார்டை எடுப்பான். "இது யாரு, குடுவைல பொறந்தவனா? பயமே கிடையாதுன்னு போட்டிருக்க. பயமில்லாதவன் முதல் நாளே போயிடுவான். தாங்குற சக்தில மூணு குறை."

"குறைச்சா வேற எங்கயாவது ஏத்தணும்."

"எதுக்கு?"

"அது அப்படித்தான்" என்று நீதிபதி பேச்சை மாற்றுவார். ஒப்பந்தக் கதையை எல்லாம் விளக்க அவருக்குத் தெம்பில்லை.

தம்பிக்குப் பிடித்த ஒரே கார்டு உப்புக் கோளின் காலாள். ஓட்டை பூட்ஸ், இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி, தலையில் ஒரு துணி. எதிரில் வருவதோ பூச்சிக் கூட்டம், லட்சக்கணக்கில். பழைய கட்டுகளிலேயே பிள்ளைகள் யாரும் சீந்தாத கார்டு அது. கவசத்தில் ஒன்று, ஆயுதத்தில் மூன்று. "இவன்தான் ஆளு" என்பான் தம்பி. "பூட்ஸ் நனைஞ்சிருக்குன்னு படத்துலயே தெரியுது பாரு. வரைஞ்சவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு." நீதிபதிக்கு அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அலுவலகத்துக்கே போய் வருவதாகத் தோன்றும்.

அப்போதுதான் அந்தப் படிவம் வந்தது. தம்பியை மறுபடி பணிக்கு அனுப்பலாமா என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டுமாம். மருத்துவர் ஒரு பக்கம் பார்ப்பார், கூட இருக்கும் குடும்பத்தார் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். தம்பியிடம் "நீ என்னடா நினைக்கிற, போகணுமா?" என்று நீதிபதி கேட்டார். "அனுப்பினா போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னலைப் பார்த்தான். மருத்துவரிடம் போனபோதும் அப்படியே. வரிசையில் நாற்பது பேர், தலைக்கு நான்கு நிமிஷம். கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கேன் சார்" என்று விறைப்பாக நின்று சொல்லிவிட்டு வந்தான். எனவே எல்லாம் அண்ணன் கையெழுத்தில் வந்து நின்றது.

அதில் ஐந்து கேள்விகள். உறக்கம், உணவு, கோபத்தை அடக்குதல், வெளியே நடமாட்டம், பேச்சு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு? பெரிய கட்டு அச்சுக்குப் போகிற வாரம் அது. நீதிபதி படிவத்தை அலுவலகத்துக்கே எடுத்துப்போய், நாற்பத்தோராவது கார்டுக்கும் நாற்பத்திரண்டாவது கார்டுக்கும் நடுவில் நிரப்பினார். அலட்சியமாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் போட்டார். உறக்கத்துக்கு இரண்டு என்று உள்ளதை எழுதினார். உணவு என்றதும், முந்தாநாள் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டானே என்று ஞாபகம் வந்தது. எட்டு. யாரையும் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஒன்பது. வெளியே நடமாட்டம், கடைத்தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறான். நான்கு. பேச்சு, கார்டைப் பற்றி நன்றாகவே பேசுகிறான். ஏழு. ஒரு நகல் எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, அசலைத் தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மருத்துவர் குறிப்பும் குடும்பத்தார் மதிப்பீடும் திருப்தி, பணிக்குத் தகுதி, அடுத்த திங்கட்கிழமை வந்து சேரவும். தம்பி இரண்டு தடவை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்துப் பூட்ஸை வெளியே எடுத்தான்.

அண்ணி அடுக்களைக்குள் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். "என்னங்க இது? கண்ணை மூடாத பிள்ளையைத் திரும்பக் கூப்பிடறாங்க? நீங்க என்னதான் எழுதினீங்க?"

"உள்ளதைத்தான் எழுதினேன்."

"உள்ளதை எழுதியிருந்தா கூப்பிடுவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? பட்டாளத்துல ஆள் பத்தல போல." அப்படித்தான் அவர் மனசார நம்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. நான் என்ன எழுதினேன் என்று பார்த்துவிடுவோம் என இழுப்பறையைத் திறந்து நகலை எடுத்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது எண்கள் அல்ல. தாளின் வலது மூலை. அங்கே அவருடைய கையெழுத்தில் 30 என்று இருந்தது. சுற்றி அழகாக ஒரு வட்டம்.

எப்போது எழுதினார் என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். இரண்டு, பத்து, பத்தொன்பது, இருபத்து மூன்று, முப்பது. உறக்கத்தில் இரண்டு போட்ட குற்றத்துக்குக் கை மற்ற இடங்களில் அள்ளிக் கொடுத்திருந்தது. இரண்டாவது தடவை வாங்கிய சோறும், உயராத குரலும் பின்னால் வந்த சாக்குகள். முப்பதை நிரப்ப அவர் மூளை தேடிப்பிடித்த சாக்குகள். கூடப்பிறந்தவனை ஒரு கார்டாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, படிவம் போன அலுவலகத்துக்கு ஓடினார். வரிசையில் ஒன்றரை மணி நேரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி.

"முப்பதும் அதுக்கு மேலயும் தகுதி. உங்களுது சரியா முப்பது. ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் நிறுத்தி வச்சிருப்பாங்க."

"நான் தப்பா எழுதிட்டேம்மா."

"கடுதாசி வந்த மறுநாள் எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எப்படி சார் தப்பாகும்? உங்க தம்பி, உங்க வீடு, உங்க பேனா."

நீதிபதி சொன்னார். கார்டு, ஒப்பந்தம், முப்பது, வட்டம் எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் நின்றவர் இருமினார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அந்த அம்மா கண்ணாடியை மேலே ஏற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த நீதிபதி நீங்கதானா? என் பேரன் உங்களைத் திட்டாத நாள் கிடையாது. உப்புக் கோள் ஆளு நாலு கார்டு வச்சிருக்கான், ஒருத்தரும் மாத்திக்க மாட்டேங்கிறாங்களாம்."

"மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

அவள் பெருமூச்சு விட்டு, கீழே குனிந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். "ஒரே ஒரு தடவை திருத்தலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். ஆனா இதுல கீழ பாருங்க, சம்பந்தப்பட்டவர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போடணும். அது இல்லாம வாங்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை அடித்துப் போட்டது. கவச வீரனுக்கு வேகம் இரண்டு என்று எழுதினால் அவன் வந்து படிக்கப்போவதில்லை. குடுவையில் பிறந்தவன் வந்து "நான் அப்படியா?" என்று கேட்கப்போவதில்லை. இங்கே ஒருவனை உட்காரவைத்து, நீ இவ்வளவு உடைந்திருக்கிறாய் என்று எண் போட்டுக் காட்ட வேண்டும். அவனுக்குத் திரும்பிப் போக ஆசை இருந்தால்? அந்த உடுப்பு ஒன்றுதான் அவனை நிற்க வைத்திருக்கிறது என்றால்? இரண்டு நாள் படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். வியாழக்கிழமை காலை மனைவி சொன்னாள்: "நீங்க குடுக்கறீங்களா, நான் குடுக்கட்டுமா?"

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு பேனாவைக் கீழே வைத்தார். எழுதியதும் அடுத்த எண் தானாக ஏறப் பார்க்கும். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, போர்வையின் மடிப்பையும் மேல் தட்டில் இருக்கும் குக்கரையும் நினைத்துக்கொண்டு மறுபடி எடுப்பார். உறக்கம் ஒன்று. உணவு மூன்று. கோபம் நான்கு. நடமாட்டம் ஒன்று. பேச்சு மூன்று.

தம்பி பின்வாசல் படியில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாகத் துடைக்கிறான், முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது.

"டேய், இதைக் கொஞ்சம் படி."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். அண்ணி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவன் ரொம்ப நேரம் படித்தான். அத்தனை நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

"பேனா குடு" என்றான்.

கிழித்துப்போடப் போகிறான் என்று நினைத்திருந்த நீதிபதி அவசரமாகப் பேனாவை நீட்டினார். தம்பி படிவத்தை முழங்காலில் வைத்துக் குனிந்தான். பேச்சுக்கு எதிரே இருந்த மூன்றை அடித்து, இரண்டு என்று எழுதினான். "கார்டைப் பத்தி மட்டும்தானே பேசறேன்." பிறகு கோபத்துக்கு எதிரே இருந்த நான்கையும் அடித்து இரண்டாக்கினான். "உள்ள இருக்கறது உனக்குத் தெரியாது. அண்ணிக்குக் கொஞ்சம் தெரியும்."

"என் மேல கோபமாடா?"

"முதல்ல போட்டது எப்படி அவ்வளவு ஆச்சு?"

நீதிபதி சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப கவசக்காரனுக்கு எவ்வளவு?"

"முப்பது."

"குடுவைக்காரன்?"

"முப்பது."

"நம்ம உப்புக் கோள் ஆளு?"

"எல்லாருக்கும் முப்பதுடா. யாரும் யாருக்கும் கீழ இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

தம்பி பூட்ஸைப் பார்த்தான். "கடுதாசில குடும்பத்தார் மதிப்பீடு திருப்தின்னு போட்டிருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். சரி, அண்ணனுக்கே தெரியல, இனிமே யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னுதான் பெட்டியை எடுத்தேன்." பூட்ஸைத் தள்ளி வைத்தான். "எனக்குப் போக முடியாதுண்ணா. என்னால முடியாது."

ஏழு மாதத்தில் அவன் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நீதிபதி படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் தட்டவில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

தம்பி கீழே கையெழுத்துப் போட்டான். கோணலாக விழுந்தது, பெயர் பாதியில் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நீதிபதி படிவத்தை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நிதானமாக, விரல்விட்டு, வாய்விட்டுக் கூட்டினார். ஒன்று, நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது. மூலையில் 9 என்று எழுதி வட்டம் போட்டார்.

"ஒன்பது போதுமா?" என்று கேட்டான் தம்பி.

"போதும்டா" என்றார் அண்ணன்.